நீர் வந்த வழியே ஒரு பகல்

காரைக்குடியில் தங்கும் பயணிகளைக் காலையில் அழைத்துச் சென்று மாலையில் திரும்பக் கொண்டுவந்து சேர்க்கும் ஒருநாள் சுற்றுலாக்களுக்கு வழிகாட்டியாக இருப்பது என் தொழில். இதற்கு முன்பு சில ஆண்டுகள் ஐக்கிய அரபு அமீரகத்தில் இதே வேலையைப் பார்த்தேன். துபாயிலிருந்து அல் ஐன் நகருக்குச் சென்று திரும்பும் பயணங்கள் அங்கே என் பொறுப்பில் இருந்தன. அந்தப் பாலைவனத்தையும் செட்டிநாட்டுப் பொட்டலையும் ஒரே தட்டில் வைத்துப் பேச முடியாது. ஆண்டு முழுவதற்கும் 100 மில்லிமீட்டர் மழையே அரிதான நிலம் அது. 900 மில்லிமீட்டரை ஒட்டிப் பெய்தாலும் சில நாள்களில் கொட்டிவிட்டுப் பல மாதங்கள் காயவிடும் நிலம் இது. ஆனாலும் இரண்டு இடங்களிலும் வேலை செய்த பிறகு எனக்கு உறுதியாகிவிட்ட ஒன்று உண்டு. வறண்ட நிலத்தைப் பார்க்க வருபவருக்கு முதலில் காட்ட வேண்டியது அங்குள்ள தண்ணீரைத்தான். கோட்டையும் கோயிலும் மாளிகையும் அதன் பிறகே புரியத் தொடங்கும்.

இதை எனக்குக் கற்றுத் தந்த ஊர் அல் ஐன். 2011-இல் யுனெஸ்கோவின் உலக மரபுச் சின்னங்கள் பட்டியலில் அதன் தொல்லிடங்கள் சேர்க்கப்பட்டன. ஜெபல் ஹஃபீத் என்னும் சுண்ணாம்புக்கல் மலையின் அடிவாரத்தில் ஏறத்தாழ 5,000 ஆண்டுகள் பழமையான கல்லறைகள் தேன்கூட்டு வடிவில் நிற்கின்றன. அவற்றுக்குள் மெசொப்பொத்தேமியாவிலிருந்து வந்த மட்கலங்கள் கிடைத்திருக்கின்றன. ஒரு காலத்தில் கடலடியில் படிந்த சுண்ணாம்பு மேலெழுந்து மலையானதால், பாறைகளில் கடல் உயிர்களின் படிவங்களைக் காணலாம். இவை யாவும் வியப்புக்குரியவை. ஆனால் பயணிகள் கைப்பேசியைப் பைக்குள் வைத்துவிட்டுக் கேள்வி கேட்கத் தொடங்குவது பேரீச்சந்தோப்புக்குள் ஓடும் ஒரு முழ அகல வாய்க்காலின் கரையில்தான்.

ஃபலஜ் என்று அவர்கள் அழைக்கும் அந்த நீர்வழி மலையடிவாரத்து நிலத்தடி நீரைத் தொட்டு, பூமிக்குள்ளேயே மெல்லிய சரிவில் பல மைல் தொலைவு வந்து, தோப்பின் விளிம்பில் வெளிப்படுகிறது. இறைக்கும் கருவி எதுவும் இல்லை; சரிவு ஒன்றே அதன் விசை. வழிநெடுக இறக்கியிருக்கும் செங்குத்துக் குழிகளின் வழியே ஆட்கள் உள்ளே இறங்கித் தூர் வாருவார்கள். அல் ஐன் பகுதியில் அகழ்ந்தறியப்பட்ட இத்தகைய வாய்க்கால்களில் சில ஏறத்தாழ 3,000 ஆண்டுகளுக்கு முந்தையவை. யார் தோப்புக்கு எவ்வளவு நேரம் தண்ணீர் என்பதைப் பகலில் நிழலையும் இரவில் விண்மீன்களையும் கொண்டு அளந்து பங்கிட்டிருக்கிறார்கள். பங்கீட்டைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பாளர் ஒருவர் உண்டு. இதை அங்கே விளக்கும்போதெல்லாம் எங்கள் ஊர்க் கண்மாயில் மடை திறக்கும் நீர்ப்பாய்ச்சியின் நினைவு எனக்கு வரும். பிற்பாடு 2020-இல் இந்த அறிவும் பழக்கமும் யுனெஸ்கோவின் மற்றொரு பட்டியலில் இடம்பெற்றதை அறிந்தபோது, எங்கள் மடைக்காரர்களின் கணக்கையும் யாரேனும் முறையாக எழுதி வைக்க வேண்டும் என்ற ஏக்கம் ஏற்பட்டது. அது இன்னும் தீரவில்லை.

வெயிலை மதிக்கவும் அந்த ஊரில்தான் கற்றேன். அமீரகத்தில் ஜூன் நடுவிலிருந்து செப்டம்பர் நடுவரை நண்பகல் பன்னிரண்டரை முதல் மூன்று மணிவரை திறந்த வெளியில் தொழிலாளரை வேலை வாங்கச் சட்டம் தடை விதிக்கிறது. பயணிகளுக்கு அந்தச் சட்டம் பொருந்தாவிட்டாலும் என் பயணத் திட்டத்தை அதன்படியே அமைத்துக்கொண்டேன். கல்லறைகளைக் காலையிலும், மண்கோட்டையின் உட்புறத்தை நண்பகலிலும், மலையுச்சியை மாலையிலும் காட்டுவேன். செட்டிநாட்டில் சித்திரை வெயில் அவ்வளவு கடுமையன்று என்றாலும் கருங்கல் பாறை வாங்கிய சூட்டை எளிதில் விடாது. செருப்பைக் கழற்ற வேண்டிய இடங்கள் இங்கே அதிகம் என்பதையும் வழிகாட்டுபவர் கணக்கில் கொள்ள வேண்டும்.

ஊர் திரும்பி இங்கே வேலையைத் தொடங்கியபோது, பெரும்பாலான ஒருநாள் பயணங்கள் ஒரே அச்சில் வார்த்தவையாக இருந்தன. கானாடுகாத்தான் அரண்மனை, ஆத்தங்குடி, பிள்ளையார்பட்டி, குன்றக்குடி, திருமயம், நேரம் இருந்தால் சித்தன்னவாசல் என்று ஒரு பகலுக்குள் ஆறேழு இடங்கள் இருக்கும். இடத்துக்கும் இடத்துக்கும் நடுவில் உள்ள நிலத்தைப் பற்றி யாரும் பேசுவதில்லை. சீமைக்கருவேலமும் தைலமரமும் மாறி மாறி வரும் செம்மண் வெளியைப் பயணிகள் தூங்கியே கடந்துவிடுவார்கள். அவ்வெளியைப் பார்க்காமல் நகரத்தார் வீடுகளை மட்டும் பார்ப்பவருக்கு, இத்தனை பெரிய மாளிகைகள் இந்தக் காய்ந்த மண்ணில் எப்படி வந்தன என்ற கேள்வியே எழாது. கேள்வி எழாத இடத்தில் விடை சொல்லிப் பயனில்லை.

ஆகவே என் பயணங்கள் இப்போது ஓர் ஊருணிக் கரையில் தொடங்குகின்றன. பயணிகளைப் படித்துறையில் உட்கார வைத்து, செம்புராங்கல் வைத்துக் கட்டிய சுவரையும், தண்ணீர் உள்ளே வரும் வரத்துக்காலையும், நிரம்பினால் வெளியேறும் வழியையும் காட்டுகிறேன். குடிநீர் ஊருணியில் குளிப்பதோ துவைப்பதோ கூடாது என்பது ஊர்க்கட்டுப்பாடு. அடுத்து வீடு. நான்கு பக்கக் கூரையும் வளவு எனப்படும் நடுமுற்றத்தை நோக்கிச் சரிந்திருப்பதையும், முற்றத்தில் விழும் மழை கல்பாவிய வாய்க்கால் வழியாகத் தெருவுக்குச் சென்று, தெருவிலிருந்து ஊருணிக்குப் போய்ச் சேரும்படி ஊரே சரிவு பார்த்து அமைக்கப்பட்டிருப்பதையும் அவர்களையே கண்டுபிடிக்கச் சொல்கிறேன். சிலர் தெருவில் மண்டியிட்டுச் சரிவைப் பார்ப்பார்கள். 2014-இல் செட்டிநாட்டு ஊர்கள் யுனெஸ்கோவின் தற்காலிகப் பட்டியலில் இடம்பெற்றன. பர்மாத் தேக்கும் இத்தாலியப் பளிங்கும் எல்லோர் கண்ணிலும் படுகின்றன. நீரை ஒட்டி அமைந்த இந்த ஊரமைப்பைச் சொன்னால்தான் பார்க்கிறார்கள். என்னைக் கேட்டால், இந்த ஊர்களின் தலைசிறந்த செல்வம் அதுதான்.

சித்தன்னவாசலுக்குக் காலை எட்டு மணிக்குள் சென்றுவிடுவது என் வழக்கம். மலையின் மேற்கிலிருந்து ஏறி, உச்சியைக் கடந்து, கிழக்குச் சரிவில் உள்ள ஏழடிப்பட்டத்தை அடைய வேண்டும். இயற்கைக் குகைத்தளத்தில் சமணத் துறவியருக்காகச் செதுக்கப்பட்ட 17 கற்படுக்கைகள் அங்கே இருக்கின்றன. தலைப்பக்கம் சற்றே உயர்ந்து, தேய்த்து மெருகேற்றியதுபோல் வழவழப்பாக இருக்கும் அப்படுக்கைகளில் ஒன்றில், கி.மு. முதல் நூற்றாண்டு அளவினதாகக் கருதப்படும் தமிழி (தமிழ் பிராமி) எழுத்துகள் உள்ளன. துறவி ஒருவருக்கு இளையர் என்பவர் செய்துகொடுத்த இருக்கை என்பது அதன் செய்தி. இவ்வளவையும் சொல்லிவிட்டு நான் பேச்சை நிறுத்திக்கொள்வேன். எதிரே விரியும் வறண்ட சமவெளியையும் கண்மாய்களையும் அவர்கள் தாமாகவே பார்க்க வேண்டும். பொதுவாக ஒருவராவது, “தண்ணீருக்கு என்ன செய்தார்கள்?” என்று கேட்பார். நான் காத்திருப்பது அக்கேள்விக்காகத்தான். கருங்கல் பாறை மழைநீரை உறிஞ்சாது. ஆனால் அதன் குழிவுகளில் நீர் தேங்கிச் சுனையாகும். இம்மலையில் உள்ள நாவற்சுனையின் உள்ளே சிறு குடைவரைக் கோயிலே நீரில் மூழ்கிக் கிடக்கிறது.

அதன் பிறகு மேற்குச் சரிவில் உள்ள சமணக் குடைவரையான அறிவர் கோயிலுக்கு வந்து, முன்மண்டப விதானத்தை அண்ணாந்து பார்க்கச் சொல்வேன். பாண்டியன் சீமாறன் சீவல்லபன் காலத்தில், அதாவது ஒன்பதாம் நூற்றாண்டில், மதுரை ஆசிரியன் இளங்கௌதமன் இக்கோயிலைப் புதுப்பித்ததாகக் கல்வெட்டுச் சொல்கிறது. விதானத்தில் இருப்பது ஒரு தாமரைக்குளம். மொட்டும் மலரும் இலையுமாக நிறைந்த நீரில் மீன்களும் அன்னங்களும் யானைகளும் எருமைகளும் இருக்க, ஆடவர் மூவர் பூப்பறிக்கிறார்கள். சமண மரபில் இது தீர்த்தங்கரரின் அறவுரை கேட்கச் செல்வோர் கடக்கும் குளம் என்று விளக்குவார்கள். அவ்விளக்கத்தை முழுதாகச் சொல்கிறேன். ஆயினும் அனல் வீசும் பாறையைத் தாண்டி வந்து அந்தக் குளத்தின் கீழே நிற்பவருக்கு, இதை வரைந்தவர் நீர் நிறைந்த கண்மாயைப் பலமுறை பார்த்து மகிழ்ந்தவராகத்தான் இருக்க வேண்டும் என்ற எண்ணம் தானாகவே வரும். எனக்கும் ஒவ்வொரு முறையும் வருகிறது. ஓவியத்தின் பெரும்பகுதி உதிர்ந்துவிட்டது. எஞ்சியதைக் காக்க வேண்டிய கடமையில் எங்களுக்கும் பங்கு உண்டு என்பதால் சிறு குழுக்களாகவே உள்ளே அனுப்புகிறேன். தூண்களில் சாயவோ, சுவரைத் தொடவோ யாரையும் விடுவதில்லை.

திருமயம் கோட்டைக்கு ஒரு மணி நேரம் போதும். சேதுபதி மன்னர் 1687-இல் கட்டிய இக்கோட்டையின் உச்சியிலிருந்து பார்த்தால் ஊர், கண்மாய், பாறை மூன்றும் ஒன்றையொன்று சார்ந்து நிற்பது விளங்கும். முற்றுகையைத் தாங்க மதிலைப் போலவே பாறைச் சுனைகளும் வேண்டும் என்பதைச் சொல்வதற்காகவே நான் அங்கே ஏறுகிறேன். கூட்டம் களைத்திருந்தால் ஏறாமல், அடிவாரத்தில் அடுத்தடுத்து இருக்கும் சிவன், திருமால் குடைவரைகளோடு நிறுத்திக்கொள்வதும் உண்டு.

நண்பகலை வீடுகளுக்கு ஒதுக்குகிறேன். கடுக்காய், முட்டை வெள்ளைக்கரு முதலியவற்றைச் சேர்த்து இழைத்த சுண்ணாம்புச் சுவர்களின் குளிர்ச்சியை அந்த நேரத்தில்தான் உடம்பு உணரும். வழக்கமாகச் செல்லும் ஒரு வீட்டில், வீட்டைப் பார்த்துக்கொள்ளும் ஆச்சி, “தம்பி, எல்லாரையும் மொதல்ல பட்டாலையில ஒக்காரச் சொல்லுங்க, மோர் குடிச்சிட்டு அப்புறமா சுத்திப் பாக்கலாம்” என்பார். வெளியூரிலும் வெளிநாட்டிலும் பங்காளிகள் பரவிக் கிடக்க, திருமணத்துக்கும் முன்னோர் வழிபாடான படைப்புக்கும் மட்டுமே நிறையும் அந்த வீட்டை நடத்துவது எவ்வளவு கடினம் என்பதை அவர் வாயால் கேட்பது என் விளக்கங்கள் எல்லாவற்றையும்விட மேலானது. பராமரிக்க இயலாமல் இடிக்கப்பட்ட வீடுகளின் தூண்களும் நிலைகளும் காரைக்குடியின் பழம்பொருள் கடைகளில் விற்பனைக்கு வருகின்றன. அக்கடைகளுக்குப் பயணிகளை அழைத்துச் சென்றால் எங்களுக்குத் தரகு கிடைக்கும். நான் அழைத்துச் செல்வதில்லை. காலையில் ஒரு வீட்டின் நிலைக்கதவை வியந்து காட்டிவிட்டு, மாலையில் அதுபோன்ற ஒன்றை விலைபேச உதவ என் மனம் இடங்கொடுக்கவில்லை. ஆத்தங்குடியில் கண்ணாடித் தட்டின்மேல் வண்ணக் கலவையை ஊற்றிக் கையால் ஓடு வார்ப்பவர்களிடம் வாங்கச் சொல்கிறேன். அங்கே கொடுக்கும் பணம் இன்றும் உயிருள்ள ஒரு தொழிலுக்குச் சேர்கிறது.

ஒரு பகலுக்கு மூன்று இடங்கள் என்ற என் ஏற்பாட்டைச் சில முகவர்கள் விரும்புவதில்லை. இடங்களின் எண்ணிக்கை குறைந்தால் விலை குறைய வேண்டும் என்பது அவர்களுடைய கணக்கு. அவர்களிடம் நான் சொல்வது ஒன்றே: அல் ஐனில் ஒரு வாய்க்காலின் அருகே முக்கால் மணி நேரம் நின்றவர்கள்தாம் மறுபடியும் வந்தார்கள்.

மழைக்காலத்தில் வரிசையை மாற்ற வேண்டியிருக்கிறது. ஈரத்தில் பாறை வழுக்கும் என்பதால் ஏழடிப்பட்டத்தை விட்டுவிட்டு, கண்மாய்கள் பெருகியிருந்தால் திருப்பத்தூர் அருகே உள்ள வேட்டங்குடிப் பறவைகள் சரணாலயத்துக்கு வண்டியைத் திருப்புகிறேன். பறவைகளுக்காகத் தீபாவளிக்கும் வெடி வெடிக்காத கொள்ளுக்குடிப்பட்டி மக்களை அப்போது பயணிகள் சந்திக்க முடிகிறது. தொழில் பழக என்னுடன் வரும் இளைஞர்களிடம் ஆண்டுகளையும் அரசர் பெயர்களையும் பிறகு படித்துக்கொள்ளலாம் என்று சொல்லியிருக்கிறேன். வரும் ஐப்பசியில் முதல் பெருமழை பெய்ததும் அவரவர் ஊரின் வரத்துக்கால் ஒன்றை அது தொடங்கும் மேட்டிலிருந்து ஊருணி வரை நடந்து பார்த்து, அடைப்பு எங்கே, ஆக்கிரமிப்பு எங்கே என்று குறித்துக்கொண்டு வர வேண்டும் என்பதுதான் அவர்களுக்கு நான் கொடுத்திருக்கும் முதல் வேலை.