ஒரு போத்தல் சோதனைப்பொருள் எங்கே செலவாகிறது?

2022 மார்ச்சில் இலங்கை ரூபாய் மிதக்கவிடப்பட்டு, ஏறத்தாழ 200 ரூபாயாக இருந்த டொலர் மே மாதமளவில் 350 ரூபாயைத் தாண்டியது. யாழ்ப்பாண நகரில் நான் பணியாற்றும் சிறிய மருத்துவ ஆய்வுகூடத்துக்குக் கொழும்பிலிருந்து வரும் சோதனைப்பொருள்கள், அதாவது மாதிரியோடு கலந்து அளவிட உதவும் இரசாயனத் திரவங்கள், முதலில் தாமதித்தன, பின்னர் கேட்டதில் பாதியே வந்தன, பின்னர் சில வகைகள் வரவேயில்லை. வந்த பெட்டிகளிலும் பல, காலாவதித் திகதியை அண்மித்தவையாக இருந்தன.

நாங்கள் முதலில் தொடங்கியது ஒரு கணக்குக் கொப்பி. ஒவ்வொரு போத்தலும் திறக்கப்பட்ட நாளையும், அதிலிருந்து நோயாளியின் மாதிரி, கட்டுப்பாட்டு மாதிரி (பெறுபேறு சரியா என்று பார்க்க ஓட்டும், மதிப்பு முன்பே தெரிந்த மாதிரி), கருவியின் அளவுதிருத்தம், மறுபரிசோதனை, கருவியின் குழாயை நிரப்புதல் ஆகியவற்றுக்கு எவ்வளவு போனது என்பதையும், இறுதியில் எவ்வளவு கொட்டப்பட்டது என்பதையும் எழுதினோம். நாளுக்கு ஓரிருவர் மட்டுமே கேட்கும் பரிசோதனைகளில், நோயாளிக்குச் சென்ற பங்கைவிட மற்றவற்றுக்குச் சென்ற பங்கே பெரிதாக இருந்தது. ஒரேயொரு மாதிரிக்காக, இயல்பான மதிப்பு, உயர்ந்த மதிப்பு என்ற இரு மட்டக் கட்டுப்பாட்டையும் ஓட்டினால் மூன்று சோதனைக்கான திரவம் ஒரு பெறுபேற்றுக்கே போய்விடும். ஓய்வுபெற்ற மூத்த தொழில்நுட்பவியலாளர் ஒருவர் இதைக் கொப்பி இல்லாமலே சொல்லிவிட்டார்: "பிள்ளை, போத்தலைத் திறக்கிறதுக்கு முன்னம் கையிலை எத்தினை மாதிரி இருக்கெண்டு பார்." தொண்ணூறுகளின் பொருளாதாரத் தடைக்காலத்தில் இங்கே வேலை செய்தவர் அவர்.

ஆகவே அவசரமற்ற பரிசோதனைகளைச் சேர்த்து, வாரத்தில் குறித்த நாள்களில் மட்டும் செய்தோம். கொலஸ்திரோலும் ட்ரைகிளிசரைட்டும் இதற்கு இடம் கொடுக்கும். குருதியிலிருந்து பிரித்த சீரம் 2 முதல் 8 பாகை செல்சியசில் சில நாள்கள் கெடாமல் இருக்கும். குளுக்கோஸ் அப்படியல்ல. பிரிக்காமல் வைத்த குருதியில் அது மணிக்கு 5 முதல் 7 சதவீதம்வரை குறைந்துகொண்டே போகும். ஃபுளோரைட்டுக் குழாயில் எடுத்தாலும் அந்தத் தடுப்பு முழுமையாக வேலைசெய்யத் தொடங்க நேரம் பிடிக்கும். பொட்டாசியத்துக்கு வந்த குருதியைப் பிரிக்காமல் குளிரூட்டியில் வைத்தால் மதிப்புப் பொய்யாக உயரும். எனவே எதைச் சேர்க்கலாம் என்பதை மாதிரியின் இயல்புதான் தீர்மானித்தது, எங்கள் வசதி அல்ல.

இரு போத்தல்களாக வரும் நொதியச் சோதனைப்பொருள்களில்தான் பெரிய மிச்சம் கிடைத்தது. முன்பு வேலையை இலகுவாக்குவதற்காக இரண்டையும் 4:1 விகிதத்தில் முழுமையாகக் கலந்துவிடுவது வழக்கம். கலக்காதவை பெட்டியில் உள்ள திகதிவரை நிலைக்கும். கலந்தவை சில வாரங்கள் மட்டுமே. அன்றைய தேவைக்கு மட்டும் கலக்கத் தொடங்கியதும் வாளிக்குள் கொட்டும் அளவு பெரிதும் குறைந்தது. கலந்த திரவம் கெட்டுவிட்டதா என்பதைத் திகதி மட்டும் சொல்வதில்லை. எஸ்ஜிபிரி என்ற ஈரல் நொதியம் போன்றவற்றின் பரிசோதனைகளில், மாதிரி சேர்க்காத வெற்றுத் திரவம் 340 நனோமீற்றர் ஒளியை உறிஞ்சும் அளவு நாளுக்கு நாள் இறங்குகிறதா என்று பார்த்தோம். திரவத்தில் இருந்து பரிசோதனையின்போது செலவாகும் என்ஏடிஎச் என்ற பொருள் சிதைந்தால் அது இறங்கும். அப்போது ஈரல் நொதியம் மிக உயர்ந்துள்ள ஒருவரின் மாதிரி, எஞ்சிய என்ஏடிஎச்சைக் கருவி வாசிப்பதற்கு முன்பே தீர்த்துவிட்டுத் தாழ்ந்த மதிப்பைக் காட்டக்கூடும். உண்மையிலேயே நோயுள்ளவரின் பெறுபேறுதான் முதலில் பிழைக்கும் என்பதால் இதில் நான் சற்றும் விட்டுக்கொடுக்கவில்லை.

கனவளவைப் பாதியாக்குவது பற்றி அப்போது எல்லோரும் பேசினார்கள். 1000 மைக்ரோலீற்றர் சோதனைப்பொருளுக்கு 10 மைக்ரோலீற்றர் மாதிரி என்றால், 500க்கு 5 என்று விகிதத்தை மாற்றாமல் குறைக்கலாம். அரைத்தானியங்கிக் கருவி உறிஞ்சும் அளவுக்கு 500 போதுமானது. ஆனால் திரவத்தை அளந்தெடுக்கும் பிப்பெற் அரை மைக்ரோலீற்றர் பிசகினால் 10இல் அது 5 சதவீதம், 5இல் 10 சதவீதம். ஆகையால் பிப்பெற்றுகள் விடும் நீரின் எடையைத் தராசில் பார்த்து அவற்றைச் சரிபார்த்து, இரு மட்டக் கட்டுப்பாட்டையும் பல தடவை ஓட்டி மாறற்குணகத்தை (பெறுபேறுகள் ஒன்றுக்கொன்று எவ்வளவு வேறுபடுகின்றன என்பதை) கணித்து, அதே நோயாளி மாதிரிகளை முழு அளவிலும் பாதியளவிலும் ஒப்பிட்ட பின்னரே குளுக்கோசுக்கும் கொலஸ்திரோலுக்கும் அதை ஏற்றுக்கொண்டோம். சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியட்டினினில் பெறுபேறுகளின் பரம்பல் எனக்குத் திருப்தி தரவில்லை. அதை முழு அளவிலேயே செய்தோம். சிறுநீரில் தோய்த்து நிறமாற்றம் பார்க்கும் பட்டிகளை நீளவாக்கில் வெட்டிப் பயன்படுத்தும் பழக்கத்தையும் நான் ஏற்கவில்லை. வெட்டிய விளிம்பில் பஞ்சு நசியும், போத்தலுக்குள் ஈரம் புகும். சர்க்கரையை மட்டும் பார்க்க வேண்டியிருந்தால் பெனடிக்ற் கரைசல் போதும்: செப்புச் சல்பேற்று, சோடியம் சித்திரேற்று, சோடியம் காபனேற்று ஆகிய மூன்றும் இருந்தால் இங்கேயே தயாரிக்கலாம், குளிரூட்டியும் தேவையில்லை.

மார்ச் மாத இறுதியில் மின்வெட்டு நாளுக்கு 13 மணித்தியாலம்வரை நீண்டபோது மின்பிறப்பாக்கிக்கு டீசல் கிடைக்கவில்லை. குளிரூட்டியின் வெற்றிடங்களை நீர்ப் போத்தல்களால் நிரப்பி, எந்தத் தட்டில் எது இருக்கிறது என்று கதவின் வெளியே ஒட்டி, ஒரு தடவை திறப்பதிலேயே எல்லாவற்றையும் எடுத்தோம். உறைபனிப் பொதிகளைச் சோதனைப்பொருளோடு ஒட்டி வைக்கவில்லை. அழற்சியைக் காட்டும் சீஆர்பி புரதத்துக்கான, நுண்துகள்கள் கொண்ட லேடெக்ஸ் திரவம் ஒரு முறை உறைந்தால் திரண்டு பயனற்றுப்போகும். உலர்தூளாக வரும் கட்டுப்பாட்டுச் சீரத்தைக் கரைத்தவுடன் ஒரு நாளுக்குரிய சிறு குழாய்களாகப் பிரித்து உறையவைத்தோம். உருகிய குழாயை மீண்டும் உறையவைப்பதில்லை என்பது கண்டிப்பு.

நீரும் ஒரு சோதனைப்பொருள்தான். எங்கள் சுண்ணாம்புக்கல் நிலத்துக் கிணற்று நீர், நீரைக் கொதிக்கவைத்துத் தூய்மையாக்கும் வடிகலனில் விரைவிலேயே படிவு கட்டும். மாரியில் முதல் மழையை விட்டுச் சேகரித்த மழைநீரை வடிகலனுக்கு ஊற்றியபோது படிவும் குறைந்தது, மின்சாரம் இருக்கும் குறுகிய நேரத்துக்குள் கூடுதலாகவும் வடிந்தது.

இவ்வளவுக்குப் பிறகும் போதாமல் இருந்தபோது வைத்தியர்களிடம் பேசினோம். யூரியாவும் கிரியட்டினினும் சேர்த்து எழுதும் இடத்தில் கிரியட்டினின் மட்டும் போதுமா என்று கேட்டதற்குப் பெரும்பாலானோர் உடனே இணங்கினர். காலாவதியான பெட்டியில் நோயாளியின் பெறுபேறு எதையும் வெளியிடவில்லை. அவை பயிற்சிக்கு வந்த மாணவர்களுக்குப் பயன்பட்டன. கட்டுப்பாட்டு மாதிரியைத் தவிர்க்கவும் இல்லை.

விநியோகம் சீரானதும் பாதியளவு முறையைக் கைவிட்டோம். சோதனைப்பொருளின் உற்பத்தித் தொகுதி எண் மாறும்போதெல்லாம் அதை மீண்டும் சரிபார்ப்பதற்கே மிச்சப்படுத்தியதில் கணிசமான பங்கு செலவாகும். தேவைக்கு மட்டும் கலப்பதும், கட்டுப்பாட்டுச் சீரத்தைப் பிரித்து உறையவைப்பதும், அந்தக் கொப்பியும் இன்றும் தொடர்கின்றன.