கீமோ நாற்காலியில் உயிரான பாட்டு வேண்டாம்

அக்காவுக்குப் புற்றுநோய், அன்று முதல் கீமோ. என் பங்குக்கு ஏதாவது செய்ய வேண்டுமே என்று, முந்தைய நாள் ராத்திரி உட்கார்ந்து அவளுக்கு உயிரான நாற்பது பாட்டுகளைப் பொறுக்கி ஃபோனில் ஏற்றி வைத்தேன். டாக்ஸோரூபிசின் என்ற கீமோ மருந்து செக்கச்செவேலென்று குழாயில் இறங்குவதைப் பார்க்கப் பிடிக்காமல் அவள் கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள். நானும் பெரிய காரியம் சாதித்த மாதிரி பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன்.

பத்து நாள் கழித்து வீட்டில் அதில் ஒரு பாட்டைத் தற்செயலாகப் போட்டேன். "அத நிறுத்து, கொமட்டுது" என்றாள். பள்ளிக்கூட நாளிலிருந்து அவள் பாடிக்கொண்டே திரிந்த பாட்டு அது.

மனப்பிரமை இல்லை இது. மருந்தால் வரும் குமட்டலை மூளை அந்த நேரத்து வாசனை, வெளிச்சம், சத்தம் எல்லாவற்றோடும் முடிச்சுப் போட்டுவிடுகிறது. அதனால்தான் சிலருக்கு அடுத்த தடவை ஒரு சொட்டு இறங்குவதற்கு முன்பே, மருத்துவமனை வாசலிலேயே குமட்ட ஆரம்பித்துவிடும். சாப்பாட்டுக்கு முன் வரும் சத்தத்தைக் கேட்டாலே பாவ்லோவின் நாய்க்கு எச்சில் ஊறிய அதே கதைதான். சாப்பாட்டு விஷயத்தில் இதை நன்றாகவே சோதித்திருக்கிறார்கள். கீமோவுக்கு முன்னால் புது ருசியில் ஐஸ்கிரீம் சாப்பிட்ட குழந்தைகள் பிறகு அதை ஒதுக்கியதை 1978இல் இலீன் பெர்ன்ஸ்டைன் என்ற உளவியல் ஆய்வாளர் காட்டினார். 1987இல் அவரும் ப்ரோபெர்க்கும் சேர்ந்து, சாப்பாட்டுக்கும் கீமோவுக்கும் நடுவில் அழுத்தமான சுவையுள்ள மிட்டாய் ஒன்றைக் கொடுத்துப் பார்த்தார்கள். வெறுப்பு மிட்டாய் மேல் போக, சாப்பாடு ஓரளவு தப்பித்தது. மிட்டாய் பலிகடா! பாட்டுக்கும் அப்படி ஒன்று வேண்டும் என்று எனக்குத் தோன்றியது இதைப் படித்த பிறகுதான்.

இரண்டாவது கீமோவுக்கு வார்டில் இசை சிகிச்சையாளர் ஒருவர் கிதாரோடு வந்தார். "என்ன பாட்டு பிடிக்கும்?" என்று கேட்பார் என்று நினைத்தேன். அவரோ, "உள்ள இப்ப எப்படி இருக்கு, வேகமாவா, மெதுவாவா?" என்றார். "படபடன்னு இருக்கு" என்றாள் அக்கா. உடனே அதே படபடப்பில் வாசிக்க ஆரம்பித்தார், எங்களுக்குத் தெரிந்த மெட்டு எதுவும் இல்லை, வெறும் தந்தி ஒலிதான். அப்புறம் கொஞ்சம் கொஞ்சமாக, நமக்கே தெரியாத அளவுக்கு வேகத்தைக் குறைத்துக்கொண்டே போனார். போர்வையை இறுக்கிப் பிடித்திருந்த அக்காவின் கை எப்போது விரிந்தது என்று நான் கவனிக்கவே இல்லை. முதலில் நோயாளியின் மனநிலைக்கு ஈடாக வாசித்து, பிறகு அங்கிருந்து மெல்ல நகர்த்துவதற்கு ஐசோ முறை என்று பெயராம். 1940களிலிருந்தே இருக்கிறது. நான் ஃபோனில் பாட்டுப் போட்டதும் இதுவும் ஒன்றல்ல.

சரி, இதனால் கட்டி கரையுமா? கரையாது. வாந்தி மாத்திரையை நிறுத்தவும் கூடாது. 81 சோதனைகளை அலசிய 2021ஆம் ஆண்டு கோக்ரேன் தொகுப்பு (மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி எடைபோடும் அமைப்பு அது), பெரியவர்களுக்குப் பதற்றமும் வலியும் சோர்வும் குறைய இசை உதவக்கூடும் என்கிறது, ஆதாரம் வலுவானதல்ல என்றும் கூடவே சொல்கிறது. எனக்கு அந்த அளவு போதும்.

கூடப் போகிறவர்களுக்கு ஒன்று: இரண்டு காதையும் அடைக்காதீர்கள். ஊசி போட்ட இடத்தில் எரிச்சலா என்று நர்ஸ் கேட்பது காதில் விழ வேண்டும், எரிந்தால் அந்த நொடியே சொல்லவும் வேண்டும். சிஸ்பிளாட்டின் ஏறுகிறவர்கள் சத்தத்தைக் குறைத்தே வையுங்கள், அந்த மருந்துக்குக் காதைக் கெடுக்கும் குணம் உண்டு. எதுவும் வேண்டாம், சும்மா இருக்கிறேன் என்றால் விட்டுவிடுங்கள்.

அந்த நாற்பது பாட்டையும் அழித்துவிட்டேன். கீமோவெல்லாம் முடிந்து ஏழெட்டு மாதம் கழித்து, துணி மடித்துக்கொண்டே அந்தப் பழைய பாட்டின் முதல் வரியை முணுமுணுத்தாள், இரண்டாவது வரிக்குப் போகவில்லை. நான் மடித்துக்கொண்டே இருந்தேன்.