ஷாங்க்3: லேப் நாட்குறிப்பிலிருந்து

பிப்ரவரி 4

கான்ஃபோக்கல் மைக்ரோஸ்கோப் இன்று மாலை வரை என் வசம். மூன்று வாரம் வளர்ந்த எலி நியூரான்கள். நியூரானின் கிளையான டென்ட்ரைட்டுக்குச் சிவப்பு, நான் ஆராயும் ஷாங்க்3 புரதத்துக்குப் பச்சை. சிவப்பு இழை நெடுகப் பச்சைப் புள்ளிகள். ஆனால் பெரும்பாலானவை இழையின் மேல் இல்லை, ஓரமாகச் சற்றுத் தள்ளி மிதப்பதுபோல் நிற்கின்றன. ஸ்பைன் என்கிற குட்டி முளைகளின் தலை அங்கேதான் இருக்கிறது. முளைக்குச் சிவப்புச் சாயம் ஏறாததால் புள்ளி மட்டும் தெரிகிறது.

ஒவ்வொரு புள்ளியும் குளூட்டமேட் சினாப்ஸ் ஒன்றின், அதாவது செய்தியைத் தூண்டும் நியூரான் சந்திப்பின், பெறும் பக்கம். செய்தியை அடக்கும் வகை சினாப்ஸ்களில் இந்தப் பச்சை விழுவதில்லை. எத்தனை தடவை பார்த்தாலும் அலுக்காத காட்சி இது.

பிப்ரவரி 7

புதிதாகச் சேர்ந்த தம்பி கேட்டான்: "அக்கா, இந்தப் புரதம் அங்கே என்னதான் செய்யுது?" சிக்னலைக் கடத்துவதில்லை, எதையும் வெட்டுவதில்லை, ஒட்டுவதில்லை. பிடித்து வைத்திருக்கிறது, அவ்வளவுதான்.

போர்டில் வரைந்து காட்டினேன். சினாப்ஸ் இடைவெளி சுமார் 20 நானோமீட்டர். அதைத் தாண்டியதும் பெறும் நியூரானின் சவ்வு, அதில் செய்தியை வாங்கும் ரிசெப்டார்கள். என்எம்டிஏ என்கிற ரிசெப்டாரின் வாலைப் பிஎஸ்டி-95 என்ற புரதம் பிடித்திருக்கிறது. அந்தப் புரதத்தை ஜிகேஏபி என்ற இன்னொரு புரதம் பிடிக்கிறது. ஜிகேஏபியை ஷாங்க்3 தன் பிடிஇசட் பகுதியால் பிடிக்கிறது. இன்னொரு பக்கம் ஹோமர் என்ற புரதம் வழியாக எம்குளூஆர்5 என்ற வேறொரு ரிசெப்டாரோடும், கார்ட்டாக்டின் என்ற புரதம் வழியாக ஸ்பைனுக்குள் இருக்கும் ஆக்டின் இழைகளோடும் அதற்குத் தொடர்பு. கட்டடத்துச் சாரத்தில் குறுக்குக் கழிகளைச் சேர்த்துக் கட்டிய கயிற்று முடிச்சு என்று வைத்துக்கொள்ளலாம். வால் முனையில் உள்ள சாம் பகுதியால் ஷாங்க்3-கள் ஒன்றோடொன்று கோத்துக்கொண்டு தகடுபோல் பரவும். அந்தத் தகடு இறுகத் துத்தநாகம் உதவும்.

"இது இல்லேன்னா ரிசெப்டாரெல்லாம் கழண்டு போயிடுமா?" என்றான். கழன்றுவிடாது. ஷாங்க்1, ஷாங்க்2 என்று உடன்பிறப்புகள் உண்டு. அதனால்தான் சுண்டெலியில் ஷாங்க்3-ஐ முழுதாக எடுத்தாலும் அது உயிரோடு நடமாடுகிறது.

பிப்ரவரி 12

வெஸ்டர்ன் பிளாட், புரதங்களை அளவுவாரியாகப் பிரித்துக் காட்டும் சோதனை. வழக்கம்போல் ஒரு பேண்ட் அல்ல, ஏணி. ஷாங்க்3 புரதத்துக்கான ஜீனுக்குள்ளேயே பல புரோமோட்டர்கள், அதாவது வாசிப்பைத் தொடங்கும் இடங்கள், இருப்பதால் நீளமும் குட்டையுமாகப் பல வடிவங்கள் வருகின்றன. மூளையின் பகுதிக்குப் பகுதி அந்தக் கலவை மாறும். "ஷாங்க்3 அளவு" என்று ஒற்றை எண்ணைப் போடும் கட்டுரைகள்மேல் எனக்கு நம்பிக்கை குறைவு.

பிப்ரவரி 18

மரபியல் கிளினிக்கில் இருக்கும் தோழி ராத்திரி போன் செய்தாள். பிறந்ததிலிருந்தே தசை தளர்ந்த குழந்தை, நான்கு வயதாகியும் பேச்சில்லை, விழுந்து அடிபட்டாலும் அழுவதில்லை. எக்ஸோம் ரிப்போர்ட்டில், அதாவது ஜீன்களில் புரதத்துக்கான பகுதிகளான எக்ஸான்களைப் படித்த சோதனையில், ஒன்றுமில்லையாம்.

"ஷாங்க்3 எக்ஸான் எல்லாத்துக்கும் கவரேஜ் இருக்கான்னு பாத்தியாடி?" என்றேன். இந்த ஜீனில் ஜி, சி என்ற டிஎன்ஏ எழுத்துகள் மிக நெருக்கம். சில எக்ஸான்களை மெஷின் சரியாகப் படிக்காமலே தாண்டிவிடும். ரிப்போர்ட்டில் அது "பிறழ்வு இல்லை" என்றுதான் வந்து நிற்கும். படிக்காததும் இல்லாததும் ஒன்றா?

பிப்ரவரி 26

தோழியிடமிருந்து செய்தி. குரோமோசோமில் துண்டு குறைந்திருக்கிறதா என்று பார்க்கும் மைக்ரோஅரே சோதனையைத் தனியாகப் போட்டார்கள். 22-ஆம் குரோமோசோமின் நீளக்கையின் நுனி இல்லை. 22க்யூ13.3, ஷாங்க்3 இருக்கும் இடமேதான். இந்த இழப்பால் வரும் நோய்க்குப் பெயர் ஃபெலன்-மெக்டெர்மிட் சிண்ட்ரோம். இழப்பு சிலரிடம் அந்த ஒரு ஜீனோடு நிற்கும், சிலரிடம் 90 லட்சம் எழுத்துகள் வரை போகும்.

குரோமோசோம்களின் வடிவத்தை நேரில் காட்டும் கேரியோடைப்பும் பார்க்கச் சொன்னேன். நுனி போன குரோமோசோம் வளையமாக ஒட்டியிருக்கலாம். அரேயில் வளையம் தெரியாது. 22-ஆம் குரோமோசோம் வளையமாக இருந்தால் என்எஃப்2 ஜீன் சார்ந்த கட்டிகள் வரும் வாய்ப்பு உண்டு, வருடக்கணக்கில் கண்காணிக்க வேண்டும். பெற்றோருக்கும் சோதனை தேவை: பெரும்பாலும் இது குழந்தையிடம் புதிதாக நேர்வது, ஆனால் சில வீடுகளில் அம்மா அல்லது அப்பாவிடம் குரோமோசோம் இடமாற்றம் ஒளிந்திருக்கும்.

இந்த சிண்ட்ரோமில் ஷாங்க்3-க்குப் பங்கு உண்டு என்று 2001-இல் துப்புக் கிடைத்ததே அப்படியொரு இடமாற்றத்தால்தான். ஒரு குழந்தையின் 12-ஆம், 22-ஆம் குரோமோசோம்கள் துண்டு மாற்றிக்கொண்டபோது முறிவு நேராக இந்த ஜீனுக்குள் விழுந்திருந்தது. 2007-இல் பாரிஸ் பாஸ்டர் நிறுவனத்தில் தோமா பூர்ஜெரோனின் குழு, ஆட்டிசம் உள்ள சில குடும்பங்களில் ஷாங்க்3 பிறழ்வுகளைக் கண்டது. அதற்குப் பிறகு "ஆட்டிசம் ஜீன்" என்று பட்டம் கட்டிவிட்டார்கள். எனக்கு அது பிடிக்காது. ஆட்டிசம் உள்ளவர்களில் 100-க்கு ஒருவரிடமோ அதற்கும் குறைவாகவோதான் இது காரணம்.

மார்ச் 3

ஜர்னல் கிளப், லேபில் கட்டுரை வாசித்துப் பேசும் கூட்டம். நான் எடுத்தது மரபியலாளர் ஹுடா சோக்பி குழுவின் 2013 கட்டுரை. எல்லோரும் ஷாங்க்3 குறைந்தால் என்ன என்று பார்த்துக்கொண்டிருக்க, இவர்கள் கூட்டிப் பார்த்தார்கள். புரதம் சுமார் ஒன்றரை மடங்கு ஆன சுண்டெலிகள் ஓயாமல் ஓடின, வலிப்பும் வந்தது. மேனியா என்கிற மிகை உற்சாக மனநிலையை ஒத்த நடத்தை. அதற்குத் தரும் மருந்துகளில் வால்ப்ரோயேட் அடக்கியது, லித்தியம் அடக்கவில்லை. ஜீனின் இரண்டு பிரதிகளில் ஒன்று போனாலே குழந்தைக்குப் பேச்சு தடைபடுகிறது, பாதி கூடினாலோ இப்படி. இவ்வளவு குறுகிய வரம்பில் ஓடும் புரதம் இது.

மார்ச் 5

தம்பிக்கு இன்னொரு கட்டுரை கொடுத்தேன்: நரம்பியலாளர் குவோபிங் ஃபெங் குழு, 2016. பிறப்பிலிருந்து ஷாங்க்3 அணைக்கப்பட்ட சுண்டெலிக்கு, வளர்ந்த பின் டமாக்சிஃபென் என்ற மருந்தைச் சுவிட்சாகக் கொடுத்து ஜீனை இயக்கினார்கள். மூளையின் ஸ்ட்ரையாட்டம் பகுதியில் ஸ்பைன்கள் பெருகின. ஓயாமல் உடலை நக்கிக் காயப்படுத்திக்கொள்வது குறைந்தது, மற்ற எலிகளோடு பழகியது. பதற்றமும் உடல் ஒருங்கிணைப்புக் குறையும் மட்டும் மாறவில்லை. கருநிலையிலிருந்தே மீட்டபோது அவையும் சரியாயின. தம்பிக்கு ஏமாற்றம். எனக்கோ வளர்ந்த மூளையில் இவ்வளவு திரும்பியதே ஆச்சரியம்.

மார்ச் 11

"வைரஸ்ல வச்சு ஜீனை அனுப்பிட முடியாதா?" என்று தோழி கேட்கிறாள், பெற்றோர் அவளைக் கேட்டிருப்பார்கள். முதல் தடை இடம். ஜீனைச் சுமந்து செல்லப் பயன்படும் ஏஏவி வைரஸுக்குள் சுமார் 4,700 எழுத்துகள்தான் அடங்கும். ஷாங்க்3 புரதத்தில் 1,700-க்கும் மேற்பட்ட அமினோ அமிலங்கள்; ஒவ்வொன்றுக்கும் மூன்று எழுத்து என்றாலே 5,100-ஐத் தாண்டுகிறது, புரோமோட்டருக்கு இடமே இல்லை. ஆகவே முக்கியப் பகுதிகளை மட்டும் வைத்துச் சுருக்கிய மினி ஷாங்க்3.

இடத்தைவிட என்னை உறுத்துவது அளவு. வைரஸ் எல்லா நியூரானுக்கும் சமமாகப் பங்கு போடாது. ஒன்றில் ஒரு பிரதியும் நுழையாது, பக்கத்து செல்லில் ஐந்தாறு நுழையும். சராசரி அழகாக வந்துவிடும். உள்ளே பாதி செல்கள் பட்டினி, பாதி செல்கள் அந்த 2013 சுண்டெலியின் கதி. அடுத்து வளர்க்கும் நியூரான்களில் மினி வடிவத்தைப் போட்டு, பிளாட்டை நம்பாமல் செல் செல்லாகப் பச்சையை அளக்கப் போகிறேன். மைக்ரோஸ்கோப் புக்கிங் வியாழனுக்குக் கிடைத்திருக்கிறது.