பானட்டில் எங்கே திறப்பு வைப்பது: அளந்து, வெட்டி, மறுபடி அளந்த கதை

டிராக்கில் இருபது நிமிடம் ஓட்டிவிட்டு வந்து நிறுத்தினால் பானட்டின் மேல் உள்ளங்கையை வைக்க முடியாது. திறந்தால் முகத்தில் அனல் அடிக்கும். இந்த வேலை தொடங்கியது அங்கேதான். வண்டி முதல் தலைமுறை மாஸ்டா மியாட்டா, 1.6 லிட்டர் இன்ஜின்.

இந்த மாதிரிச் சின்ன ஸ்போர்ட்ஸ் கார்களில் கிரில் வழியாகக் காற்று தாராளமாக உள்ளே வந்துவிடுகிறது. வெளியே போகத்தான் வழி இல்லை. ரேடியேட்டரைத் தாண்டியதும் எதிரே இன்ஜின், பின்னால் இன்ஜினையும் நாம் உட்காரும் இடத்தையும் பிரிக்கும் தடுப்புச் சுவர். மிச்சம் இருக்கிற இடுக்குகளில் புகுந்து கீழே இறங்கித்தான் அது வெளியேற வேண்டும். போக முடியாமல் தேங்கும் காற்று உள்ளே அழுத்தத்தை ஏற்றுகிறது. அழுத்தம் ஏற ஏற ரேடியேட்டர் வழியாக வரும் காற்றே குறைகிறது. போதாததற்கு அந்த அழுத்தம் பானட்டை அடியிலிருந்து மேலே தள்ளி, வேகத்தில் முன் டயர்களின் பிடியையும் கொஞ்சம் குறைக்கிறது. ஆகவே வெக்கையை வெளியேற்றுவது என்பது முதலில் அழுத்தத்தை வெளியேற்றும் வேலை. எனக்கு இது புரிய ஒரு மாதம் ஆனது.

எதையும் தொடுவதற்கு முன்னால் இரண்டு தெர்மோகப்பிள் (வெப்பம் அளக்கும் கம்பி) வைத்தேன். ஒன்று ஏர் ஃபில்டரின் வாயில், இன்னொன்று இன்ஜினுக்குப் பின்னால் தடுப்புச் சுவரை ஒட்டி. வெளிக்காற்றின் வெப்பத்தைக் கழித்துவிட்டு மிச்சத்தை மட்டும்தான் குறித்துக்கொள்கிறேன். 30 டிகிரி நாளில் வந்த 80-ஐயும் 22 டிகிரி நாளில் வந்த 72-ஐயும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் ஏதோ சாதித்ததுபோல் தெரியும். கழித்துப் பார்த்தால் இரண்டும் 50 தான்.

ஆரம்ப நிலை இது: மணிக்கு 100 கி.மீ. வேகத்தில் பத்து நிமிடம் சீராக ஓட்டியபின் சுவர்ப்பக்கம் 41, ஃபில்டர் வாயில் 17. அப்புறம் நிறுத்தி ஐந்து நிமிடம் ஐடிலிங்கில் விட்டால் 58, 34. ஃபில்டர் வாயில் ஏறும் சூடு பவரையும் தின்கிறது. இன்ஜின் இழுக்கும் காற்று 10 டிகிரி சூடானால் அதன் அடர்த்தி சுமார் 3 சதவீதம் குறையும்.

முதலில் செய்தது, பலரும் செய்வதைத்தான். கீலுக்கு அடியில் வாஷர்களை அடுக்கி பானட்டின் பின்விளிம்பை 12 மி.மீ. தூக்கினேன். சூடான காற்று மேலே எழும், பின்பக்கம் வழியாகப் போய்விடும் என்ற கணக்கு. வண்டி நின்றிருக்கும்போது கணக்கு சரியாகவே இருந்தது: ஐடிலிங்கில் 58 என்பது 43 ஆனது. இடைவெளிக்கு மேலே காற்று நெளிவதைக் கண்ணால் பார்க்க முடிந்தது. ஆனால் 100 கி.மீ. வேகத்தில் 41 குறையவில்லை, 44 ஆகியிருந்தது. அதோடு காருக்குள் சுட்ட ஆயில் வாடை வேறு.

காரணத்தைக் காட்டிக்கொடுத்தது கம்பளி நூல். ஸ்வெட்டர் பின்னும் சிவப்பு நூலை எட்டு சென்டிமீட்டர் துண்டுகளாக வெட்டி, பானட் முழுக்க வரிசை வரிசையாக டேப்பில் ஒட்டினேன். உள்ளே முன் கண்ணாடிக்குப் பின்னால் கேமராவைப் பொருத்திவிட்டு ஓட்டினேன். பானட்டின் முன்பாதியில் நூல்கள் சீவிவிட்டதுபோல் பின்நோக்கிப் படிந்திருந்தன. கண்ணாடியை நெருங்க நெருங்க அலைய ஆரம்பித்தன. இரண்டு நூல்கள் முன்பக்கமாகவே திரும்பிப் படுத்துக்கொண்டன. நான் தூக்கிவைத்திருந்த இடைவெளியின் ஓரத்தில் ஒட்டியவையோ படத்தில் காணவே இல்லை. வண்டியை நிறுத்திப் பார்த்தேன், ஐந்தும் இடைவெளிக்குள் இழுக்கப்பட்டு உட்பக்கம் தொங்கிக்கொண்டிருந்தன.

வேகத்தில் வரும் காற்று முன் கண்ணாடியில் மோதித் தயங்கும் இடம் அது. அழுத்தம் அங்கே அதிகம். 1969 செவர்லே கமாரோ காரில் கிடைத்த கவுல் இண்டக்‌ஷன் பானட் இன்ஜினுக்குக் காற்று எடுத்ததே இந்த இடத்திலிருந்துதான். காருக்குள் வரும் காற்றின் வாயும் அங்கேயே இருக்கிறது, வாடை வந்ததற்குக் காரணம் அதுதான். வெளியேறும் வழி என்று நினைத்து உள்ளே வரும் வழியைத் திறந்துவைத்திருந்தேன். வாஷர்களை அன்றே கழற்றினேன்.

நூல் திசையைக் காட்டும், அளவைக் காட்டாது. அதற்கு ஒளிபுகும் மெல்லிய ட்யூபை U வடிவில் வளைத்து, ஒரு பலகையில் ஸ்கேலோடு கட்டி, நிறம் கலந்த தண்ணீர் பாதி நிரப்பினேன். ஒரு முனை இன்ஜின் பக்கம். மறுமுனை பானட்டின் மேல், நடுவில் சின்னத் துளை போட்ட தட்டையான பிளாஸ்டிக் வில்லையின் வழியாக. ட்யூபின் வாயை அப்படியே காற்றில் நீட்டிவிட்டால் மோதும் காற்றும் சேர்ந்துகொண்டு தப்பான அளவு வரும், வில்லை கட்டாயம் வேண்டும். தம்பி பலகையை மடியில் வைத்துக்கொண்டு பக்கத்து சீட்டில் உட்கார்ந்தான்.

80 கி.மீ. வேகத்தில் நேராக மோதும் காற்றின் முழு அழுத்தமே சுமார் 30 மி.மீ. தண்ணீர் உயரம்தான். அதனால் ஒவ்வொரு மி.மீட்டரும் முக்கியம். ரேடியேட்டருக்குச் சற்றுப் பின்னால், பானட்டின் முன் மூன்றில் ஒரு பங்கில் வில்லையை வைத்தபோது உள்ளே 13 மி.மீ. அதிகம். நடுவில் 6. கண்ணாடியிலிருந்து ஒரு சாண் தள்ளி வைத்ததும், "அண்ணா, தண்ணி அந்தப் பக்கம் திரும்பிடுச்சு" என்றான். பார்த்தால் 4 மி.மீ. எதிர்ப்பக்கம். எல்லா இடத்தையும் எதிர்த்திசையிலும் ஒரு முறை ஓட்டிச் சராசரி எடுத்தோம், இயற்கைக் காற்று கணக்கைக் குழப்பக்கூடாதே.

வெட்ட வேண்டிய இடம் அந்த 13. பந்தயக்காரர்களுக்கு இது பழைய சங்கதி. 1960-களின் ஃபோர்டு ஜிடி40-இல் முன்பக்க ரேடியேட்டரின் சூடான காற்று முன்மூடியின் மேல்பக்கமாகத்தான் வெளியேறியது. 2014 மாடலாக வந்த ஏழாம் தலைமுறை செவர்லே கார்வெட்டின் பானட்டிலும் ரேடியேட்டர் காற்றுக்கு அதே மாதிரி வழி உண்டு.

ஒரிஜினல் பானட்டை வெட்ட மனம் வரவில்லை. பழைய பானட் ஒன்றை வாங்கினேன். திருப்பிப் போட்டு அடிப்பக்க எலும்புச் சட்டத்தை அட்டையில் படியெடுத்து, சட்டத்தைத் தொடாமல் எவ்வளவு வெட்டலாம் என்று பார்த்தேன்: 32 செ.மீ. அகலம், 20 செ.மீ. நீளம். சட்டத்தை அறுத்துவிட்டால் வேகத்தில் பானட் துடிக்கும், அதில் சமரசம் கிடையாது.

இந்த வண்டியின் பானட் அலுமினியம். ஜிக்சாவின் பல்லில் துருவல் அப்பிக்கொண்டு தகட்டைக் கிழிக்கப் பார்க்கும். மெழுகுவர்த்தியை பிளேடில் தேய்த்துத் தேய்த்து, மெதுவான வேகத்தில், மேலே இரண்டு அடுக்கு மாஸ்கிங் டேப் ஒட்டி வெட்டினேன். மூலைகளில் முதலிலேயே வட்டத் துளை. கூர்மையான மூலையில் நாளாவட்டத்தில் விரிசல் விடும். விளிம்பை அரத்தால் மழித்து, பின்நோக்கித் திறந்த ஐந்து மடிப்புகள் கொண்ட அலுமினிய லூவரை அலுமினிய ரிவெட்டால் பிடித்தேன். இரும்பு ரிவெட் போட்டிருந்தால் ஈரம் பட்டதும் சுற்றியிருக்கும் அலுமினியம் அரிக்கத் தொடங்கும்.

லூவருக்கு முன்னால் 12 மி.மீ. உயரத்துக்கு ஒரு L பட்டியைத் தற்காலிகமாக ஒட்டியும் பார்த்தேன். அமெரிக்கப் பந்தய வீரர் டான் கர்னி 1971-இல் பந்தயக் காரின் விங்கின் பின்விளிம்பில் வைத்த பட்டியின் உறவுக்காரன் என்று சொல்லலாம். காற்று அதில் ஏறித் தாண்டும்போது பின்னால் அழுத்தம் இன்னும் இறங்குகிறது. அழுத்தத்தின் இழுப்பு 3 மி.மீ. கூடியது. பட்டியை நிரந்தரமாக்கிவிட்டேன்.

இப்போது 100 கி.மீ. வேகத்தில் சுவர்ப்பக்கம் 28, ஃபில்டர் வாயில் 11. ஐடிலிங்கில் 47, 25. நிற்கும்போது வாஷர்தான் இதைவிட நன்றாக வேலை செய்தது, அதை மறைப்பதற்கில்லை. சாலையில் சாதாரணமாக ஓட்டும்போது கூலன்ட் (இன்ஜினைக் குளிர்விக்கும் திரவம்) சூட்டில் மாற்றமே தெரியாது. அங்கே அளவைப் பிடித்துவைப்பது கூலன்ட் ஓட்டத்தைத் திறந்து மூடும் வால்வான தெர்மோஸ்டாட், காற்று எவ்வளவு கூடினாலும் அது தன் நிலையில்தான் நிற்கும். டிராக்கில் தெர்மோஸ்டாட் முழுக்கத் திறந்துவிட்ட பிறகுதான் வித்தியாசம்: இருபதாவது நிமிடத்தில் ரேடியேட்டரின் மேல் ஹோஸின் சூடு 9 டிகிரி குறைந்திருந்தது.

அதில் பாதிப் புண்ணியம் ஃபோம் பட்டைக்குச் சேரும். பம்பருக்கும் ரேடியேட்டருக்கும் நடுவில் இரண்டு பக்கமும் விரல் நுழையும் சந்து இருந்தது. காற்று எப்போதும் சுலபமான வழியைத்தான் தேடும், ரேடியேட்டரைச் சுற்றிக்கொண்டு ஓடிக்கொண்டிருந்தது. லூவர் போட்டபின் தனியாக அளந்தேன், 5 டிகிரி. அந்த இடுக்கை ஃபோம் ஒட்டி அடைத்த பிறகு மிச்ச 4. யாராவது இந்த வேலையை யோசித்தால் ஜிக்சாவை எடுக்குமுன் ஃபோமை ஒட்டிவிடுங்கள். ஒரு மாலை வேலைதான்.

மழை பற்றிய பயம் பாதி தீர்ந்தது. திறப்பு முன்னால் இருப்பதால் தண்ணீர் ரேடியேட்டர் ஃபேன் பக்கம் விழுகிறது, பிளக் குழிகளுக்கு எட்டவில்லை. ஆனாலும் நிறுத்திவைக்கும்போது மூட ஏதாவது வேண்டும். காந்த மூடி அலுமினியத்தில் ஒட்டாது. அதனால் லூவருக்கு அடியில் நான்கு திருகில் கழற்றி மாட்டுகிற தட்டு ஒன்று செய்தேன், தண்ணீர் அதன் ஓரத்தில் ட்யூப் வழியாகக் கீழே வடிகிறது. டிராக் நாட்களில் தட்டைக் கழற்றிவிடுகிறேன்.

அடுத்து கீழ்ப்பக்கம். இன்ஜினுக்கு அடியில் இருக்கும் பிளாஸ்டிக் கீழ்த்தட்டின் ஒரு மூலை உடைந்திருப்பதை ஃபோம் ஒட்டும்போதுதான் கவனித்தேன். அது இல்லாவிட்டால் வேகத்தில் காற்று அடியிலிருந்து உள்ளே புகுந்து, ரேடியேட்டருக்குப் பின்னால் மறுபடி அழுத்தத்தை ஏற்றும். U ட்யூபை இன்னும் கழற்றவில்லை. உடைந்த தட்டோடு ஒரு ஓட்டம், புதுத் தட்டோடு ஒரு ஓட்டம், பலகை மறுபடி தம்பி மடியில்.