புதுச்சேரி ரயில் நிலையம் பக்கம் இலவச வைஃபை: எங்கே கிடைத்தது, எப்படிக் கிடைத்தது

வாணரப்பேட்டை, உப்பளம், சுப்பையா சாலை, இந்தச் சுற்றுவட்டாரத்தில் இருப்பவர்களுக்கு உதவட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன். வாய்க்கால் வேலைக்குத் தெருவைத் தோண்டினார்கள், அதில் எங்கள் வரிசைக்கு வரும் பிராட்பேண்ட் கேபிள் அறுந்தது, இன்றைக்கு ஆள் வரும் நாளைக்கு ஆள் வரும் என்று வாரக்கணக்கில் இழுத்துவிட்டார்கள். வீடு குறுகலான சந்துக்குள் இருப்பதால் உள்ளே மொபைல் சிக்னல் ஒரு கோடு நின்றாலே பெரிது, மொட்டை மாடிக்குப் போனால் கொஞ்சம் தேவலை. அதுவும் ஒரே போனின் ஹாட்ஸ்பாட்டில் வீட்டில் எல்லோரும் தொங்கினால் அன்றைய டேட்டா மத்தியானத்துக்குள் காலி. அந்த நேரம் பார்த்துதான் அக்கா பெண்ணுக்கு சென்டாக் விண்ணப்பம், அதாவது நம் புதுச்சேரியில் கல்லூரிச் சேர்க்கைக்குப் போடும் விண்ணப்பம். மதிப்பெண் பட்டியல், சாதிச் சான்றிதழ், இருப்பிடச் சான்றிதழ் என்று எல்லாவற்றையும் ஸ்கேன் செய்து ஏற்ற வேண்டும், கடைசித் தேதி யாருக்காகவும் நிற்காது.

பிரவுசிங் சென்டருக்குப் போயிருக்கலாமே என்று கேட்பீர்கள். போனோம். விண்ணப்பத்தை அவர்களே போட்டுத் தருகிறார்கள், ஆனால் ஏதாவது ஒரு சான்றிதழ் சரியில்லை என்று திரும்பி வந்தால் மறுபடி போய் வரிசையில் நின்று மறுபடி காசு கொடுக்க வேண்டும். அதைவிட முக்கியம், பிள்ளை தன் விண்ணப்பத்தைத் தானே பார்த்து, எந்தக் கல்லூரியை முதலில் போடுவது எதைப் பிறகு போடுவது என்று நிதானமாக யோசித்துப் போட வேண்டும் என்பது என் பிடிவாதம். பின்னால் நான்கு பேர் காத்திருக்க, கடைக்காரர் அவசரப்படுத்த, அந்த முடிவை எடுக்கக் கூடாது.

சரி, நடந்து போகும் தூரத்தில் என்ன கிடைக்கிறது என்று தேட ஆரம்பித்தேன். போனில் வைஃபையைப் போட்டுக்கொண்டு தெருவில் நடந்தால் பட்டியலில் பெயர்கள் வந்துகொண்டே இருக்கும், பெரும்பாலும் பூட்டுப் படம் போட்டவை, அவை வீடுகளுடையவை, அவற்றை விட்டுவிடுங்கள். பூட்டு இல்லாமல் வருவதில் பாதி வெறும் பெயர்தான். ஓர் அலுவலக வாசலில் இலவச வைஃபை என்று பலகையே மாட்டியிருந்தார்கள், பெயரும் போனில் தெரிந்தது, இணைந்தும்விட்டது, ஆனால் அதற்குப் பின்னால் இணையம் இல்லை. உள்ளே கேட்டால் அது ஓடி ரொம்ப நாளாகிறது என்றார்கள். அதனால் சிக்னல் முழுதாக இருக்கிறதே என்று நம்பி உட்காராதீர்கள், ஒரு பக்கத்தைத் திறந்து பார்த்த பிறகு உட்காருங்கள்.

உருப்படியாகக் கிடைத்தது ரயில் நிலையத்தில். ரயில்வேயின் தொலைத்தொடர்பு நிறுவனமான ரெயில்டெல் நடத்தும் ரயில்வயர் வைஃபை. 2016 ஜனவரியில் மும்பை சென்ட்ரலில் கூகுளோடு சேர்ந்து ஆரம்பித்தார்கள், 2020-இல் கூகுள் விலகிக்கொண்டது, ரெயில்டெல் அதை நிறுத்தாமல் நடத்துகிறது. இன்றைக்கு நாடு முழுக்க 6,000-க்கும் மேற்பட்ட நிலையங்களில் இருக்கிறது. ஒரு நாளைக்கு முதல் 30 நிமிடம் இலவசம், வேகம் 1 எம்பிபிஎஸ். அதற்கு மேல் வேண்டுமென்றால் காசு கட்டும் திட்டம், 2021-இல் அதை அறிமுகப்படுத்தியபோது 10 ரூபாய்க்கு ஒரு நாளில் 5 ஜிபி என்று வைத்தார்கள். இப்போதைய விலையை அந்த உள்நுழைவுப் பக்கத்திலேயே காட்டும், பார்த்துக்கொள்ளுங்கள்.

1 எம்பிபிஎஸ், 30 நிமிடம் என்றால் என்ன கணக்கு? ஒரு நொடிக்கு 1 மெகாபிட், 1,800 நொடி, எட்டால் வகுத்தால் 225 எம்பி. அது தடங்கலே இல்லாமல் ஓடினால் வரும் உச்சம், நடைமுறையில் அதற்குக் கீழேதான். சான்றிதழ் பிடிஎஃப் ஒவ்வொன்றும் சில நூறு கேபிதான் என்பதால் விண்ணப்பம் போட இது தாராளம். வகுப்பு வீடியோ பார்க்க உட்கார்ந்தால் போதாது. நாங்கள் செய்தது, எல்லா ஆவணத்தையும் வீட்டிலேயே ஸ்கேன் செய்து, அளவைக் குறைத்து, பெயர் மாற்றி, ஒரே ஃபோல்டரில் போட்டுக்கொண்டு போனோம். நிரப்ப வேண்டிய விவரங்களையும் ஒரு தாளில் எழுதிக்கொண்டோம். அங்கே போய் உட்கார்ந்து பாட்டி பெயருக்கு எந்த எழுத்துக்கூட்டு என்று தேடினால் அரைமணி நேரம் அதிலேயே கரைந்துவிடும்.

இன்னொன்று. நடைமேடைக்குள் உட்கார வேண்டுமென்றால் நடைமேடைச் சீட்டு வாங்க வேண்டும், 10 ரூபாய், இரண்டு மணி நேரம் செல்லும். சீட்டில்லாமல் உள்ளே பிடிபட்டால் அபராதம். வெளியே, டிக்கெட் கவுண்டர் பக்கமே எங்களுக்குச் சிக்னல் போதுமான அளவு கிடைத்தது, ஆனால் அங்கே உட்காரும் இடம் குறைவு. நம் ஊர் நிலையத்தில் ஒரு வசதி, வண்டிகள் குறைவு என்பதால் வண்டி வரும் நேரத்தையும் புறப்படும் நேரத்தையும் தவிர்த்தால் நல்ல அமைதி. கூட்டம் குறைந்தால் வைஃபையும் கொஞ்சம் நன்றாக ஓடுகிறது, அதனால் நேரம் பார்த்துப் போங்கள்.

உள்ளே நுழைவதுதான் முதல் முறை வரும் பலருக்கும் சிக்கல். வைஃபை பட்டியலில் பெயரைத் தொட்டால் இணைந்துவிடும், அப்புறம் தானாக ஒரு பக்கம் திறக்க வேண்டும், அதில் மொபைல் எண்ணைப் போட்டு, வரும் ஓடிபியைப் போட வேண்டும். பல போன்களில் அந்தப் பக்கம் திறக்கவே திறக்காது. அக்கா பெண்ணின் போனிலும் அப்படித்தான். முதலில் மொபைல் டேட்டாவை அணைத்துவிடுங்கள், இல்லையென்றால் வைஃபையில் நெட் இல்லை என்று நினைத்துக்கொண்டு போன் டேட்டாவுக்குத் தாவிவிடும். அடுத்தது செட்டிங்கில் பிரைவேட் டிஎன்எஸ் என்று ஒன்று இருக்கும், விளம்பரம் வராமல் இருக்க யாராவது அதில் ஏதோ முகவரி போட்டு வைத்திருப்பார்கள், அதை அணைக்க வேண்டும். விபிஎன் இருந்தால் அதையும். அப்படியும் வரவில்லையா, அந்த நெட்வொர்க்கை மறக்கச் சொல்லி மறுபடி இணைந்து, பிரவுசரில் எச்டிடிபிஎஸ் இல்லாத, அதாவது முகவரிக்குப் பக்கத்தில் பூட்டுப் படம் வராத ஏதாவது ஒரு பழைய தளத்தின் முகவரியை அடித்துப் பாருங்கள். பூட்டுப் போட்ட தளத்தை இடைமறித்து உள்நுழைவுப் பக்கத்துக்குத் திருப்ப முடியாது, பூட்டு இல்லாததைத் திருப்ப முடியும், அதனால்தான் இந்த வழி. எங்களுக்கு பிரைவேட் டிஎன்எஸ்ஸை அணைத்ததுமே பக்கம் வந்துவிட்டது.

ஓடிபி எந்த போனுக்கு வந்தாலும் பரவாயில்லை என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். சிம் இல்லாத போனில், டேப்லெட்டில்கூட, பக்கத்தில் இருப்பவர் எண்ணைப் போட்டு நுழையலாம். ஆனால் அந்த எண்ணுக்கு உரியவர் பெயரில்தான் அந்த இணைப்பு பதிவாகும். வீட்டு ஆட்களுக்குக் கொடுங்கள், முன்பின் தெரியாதவர் வந்து கேட்டால் கொடுக்காதீர்கள்.

எதற்கு இந்த ஓடிபி? 2008 ஜூலையில் அகமதாபாத் குண்டுவெடிப்புக்கு முன்னால் அனுப்பிய மிரட்டல் மின்னஞ்சல், நவி மும்பையில் பாதுகாப்பில்லாமல் திறந்து கிடந்த ஒரு வீட்டு வைஃபை வழியாகப் போனது. அப்புறம் 2009 பிப்ரவரியில் தொலைத்தொடர்புத் துறை, பொது வைஃபை பயன்படுத்துகிறவர் யார் என்று உறுதி செய்துதான் உள்ளே விட வேண்டும் என்று உத்தரவு போட்டது. காரணம் புரிகிறது. ஆனால் அதனால் வெளியே நிற்பவர்கள் யார் என்பதை நான் கண்ணால் பார்த்தேன், அதைச் சொல்லாமல் விட மனசு வரவில்லை.

பிரான்ஸிலிருந்து சித்தப்பா வந்திருந்தார். நம் ஊரில் இப்படி எத்தனை குடும்பம், கோடை விடுமுறைக்கு வருகிறவர்கள். அவரிடம் இருந்தது பிரெஞ்சு சிம். உள்நுழைவுப் பக்கமோ பத்து இலக்க இந்திய எண்ணைத்தான் கேட்கிறது. "என்னம்மா இது, பொறந்த ஊர்ல என் நம்பர் செல்லாதா?" என்று கேட்டார். என் எண்ணைப் போட்டு அவரை உள்ளே விட்டேன். அவருக்காவது நான் இருந்தேன். எங்கள் தெருவில் பூ கட்டும் அக்காவுக்கு ரீசார்ஜ் முடிந்து நாளாகிவிட்டது. 2024 ஜூலையில் தனியார் நிறுவனங்கள் மூன்றும் கட்டணத்தை ஏற்றிய பிறகு அவர் மாதாமாதம் போடுவதில்லை, கையில் காசு இருக்கும்போது போடுகிறார். ரீசார்ஜ் முடிந்து கொஞ்ச நாள் போனால் உள்ளே வரும் எஸ்எம்எஸ்ஸும் நின்றுவிடும். அப்படியென்றால் ஓடிபி வராது. ரீசார்ஜ் போட முடியாதவருக்குத்தானே இலவச வைஃபை முதலில் வேண்டும்? அவர் பையனின் தேர்வு முடிவைப் பார்க்க வேண்டியிருந்தது, என் போனில் பார்த்துக் கொடுத்தேன். மூன்று நிறுவனங்களும் மாதத்தில் சில ஓடிபியையாவது, ரீசார்ஜ் இல்லாத எண்ணுக்கும் விட வேண்டும் என்பது என் கோரிக்கை. அரசு சொன்னால் நடக்கும்.

கடற்கரைச் சாலைப் பக்கம் காபிக் கடைகளில் பில்லோடு கடவுச்சொல் தருகிறார்கள், வேகமும் நன்றாக இருக்கிறது. ஆனால் ஒரு காபி விலைக்கு எங்கள் தெருவில் நான்கு பேர் டீ குடிக்கலாம். அது சுற்றுலா வருகிறவர்களுக்கான வழி. எனக்கு அதில் எழுத ஒன்றும் இல்லை.

நான் அதிகம் எழுத விரும்புவது பிஎம்-வாணி பற்றி. இது பலருக்குத் தெரியவில்லை. 2020 டிசம்பர் 9 அன்று மத்திய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்த திட்டம். டீக்கடை, மளிகைக் கடை, ஜெராக்ஸ் கடை, யார் வேண்டுமானாலும் கடையில் ரூட்டர் வைத்து வைஃபை கொடுக்கலாம். கடைக்காரருக்கு உரிமம் தேவையில்லை, பதிவுக் கட்டணம் இல்லை. ஆள் யார் என்று சரிபார்ப்பது, கணக்கு வைப்பது, பணம் வாங்குவது எல்லாவற்றையும் கடைகளைத் திரட்டி நடத்தும் ஒரு நிறுவனம் பார்த்துக்கொள்ளும். எந்தெந்தக் கடை, எந்தெந்தச் செயலி என்ற மையப் பதிவேட்டை மத்திய அரசின் தொலைத்தொடர்பு ஆராய்ச்சி நிறுவனமான சி-டாட் வைத்திருக்கிறது. நமக்கு வேண்டியது இந்தத் திட்டத்தில் சேர்ந்த ஏதாவது ஒரு செயலி. அதில் ஒருமுறை எண் கொடுத்து ஓடிபி போட்டுவிட்டால், பக்கத்தில் இருக்கும் ஹாட்ஸ்பாட்டை அதுவே காட்டும், எந்தக் கடைக்குப் போனாலும் அதே கணக்கில் நுழையலாம்.

செயலியை இறக்கிப் பார்த்ததில் நடக்கும் தூரத்தில் ஒரு கடை காட்டியது. முழு இலவசம் இல்லை, பத்து ரூபாய்க்குள் ஒரு நாள் கூப்பன். நடைமேடைச் சீட்டு வாங்கும் காசுக்குள் முடிந்துவிட்டது. அரைமணி நேரத்தில் துரத்தும் கவலை இல்லை, கடை வாசல் பெஞ்சில் உட்கார்ந்து அக்கா பெண் விருப்பக் கல்லூரிப் பட்டியலை ஒன்றுக்கு இரண்டு தடவை சரிபார்த்துத்தான் அனுப்பினாள். கடைக்காரர், "பொறுமையா பாரும்மா, அவசரம் இல்ல" என்று சொன்னது பெரிய உதவி.

பணம் அனுப்புவது, வங்கிச் செயலி, இவற்றை எந்தத் திறந்த வைஃபையிலும் செய்ய வேண்டாம். அதே பெயரில் வேறொருவன் பக்கத்தில் ஹாட்ஸ்பாட் போட்டு உட்கார்ந்திருந்தால் நமக்கு வித்தியாசம் தெரியாது. விண்ணப்பக் கட்டணம் கட்டும் நேரத்தில் மட்டும் வைஃபையை அணைத்து, போனில் மிச்சம் வைத்திருந்த டேட்டாவில் கட்டினோம். அதற்கு எம்பி கணக்கில்தான் செலவாகும். வேலை முடிந்ததும் அந்த நெட்வொர்க்கை மறக்கச் சொல்லிவிடுங்கள், இல்லையென்றால் அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் போன் தானாகப் போய் ஒட்டிக்கொள்ளும்.

விண்ணப்பம் போய்ச் சேர்ந்துவிட்டது, கேபிளையும் ஒருவழியாக ஒட்டிவிட்டார்கள். ஆனால் எங்கள் தெருவிலேயே ஒரு வாணி ஹாட்ஸ்பாட் வர வேண்டும் என்று எனக்கு ஆசை. முனையில் இருக்கும் ஜெராக்ஸ் கடை அண்ணனிடம் பேசிக்கொண்டிருக்கிறேன். அவர் பயம் நெட் பில்தான். வீட்டு இணைப்பைக் கடையில் இப்படிப் பகிரக்கூடாது, விலை உயர்ந்த தனி லைன் எடு என்று முன்பு நிறுவனங்கள் சொல்லிவந்தன. 2025 ஜூனில் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் ஓர் உத்தரவு போட்டிருக்கிறது, வாணி கடைக்காரர்களுக்கு 200 எம்பிபிஎஸ் வரையிலான ஃபைபர் திட்டங்களையும் கொடுக்க வேண்டும், கட்டணம் அதே வேகத்துக்கான வீட்டுக் கட்டணத்தில் இரண்டு மடங்கைத் தாண்டக்கூடாது. அதாவது வீட்டுக்கு 500 ரூபாய் என்றால் கடைக்கு 1,000-க்கு மேல் கேட்க முடியாது. இதைக் காட்டியதும் அண்ணன் கொஞ்சம் இறங்கி வந்தார். ரூட்டர் விலையும், கூப்பன் காசில் கடைக்கு எவ்வளவு நிற்கும் என்பதும் விசாரித்துச் சொல், பள்ளிப் பிள்ளைகளுக்கு முதல் அரைமணி நேரம் சும்மா கொடுக்கிறேன் என்கிறார்.

நெல்லித்தோப்பு, முதலியார்பேட்டை, முத்தியால்பேட்டை, அரியாங்குப்பம், எங்கேயாவது கடையில் இதை வைத்து நடத்துகிறவர்கள் இருந்தால், மாதம் எவ்வளவு வருகிறது, எந்த ரூட்டர் கோடை வெயிலையும் மின்வெட்டையும் தாங்குகிறது என்று சொல்லுங்கள். அண்ணனிடம் அப்படியே போய்ச் சொல்கிறேன்.