கையெழுத்துக் காட்சியில் கை வைக்காதீர்கள்

ஜெர்மன் நாடகாசிரியர் ஷில்லரின் ‘மரியா ஸ்டூவர்ட்’ என்றதும் எல்லோரும் மூன்றாம் அங்கத்துச் சண்டையைத்தான் சொல்வார்கள். ஃபாதரிங்கே கோட்டைப் பூங்காவில் இங்கிலாந்து ராணி எலிசபெத்தும் அவள் சிறைவைத்திருக்கும் ஸ்காட்லாந்து ராணி மேரியும் (தலைப்பிலுள்ள மரியா) நேருக்கு நேர் மோதுகிறார்கள். வரலாற்றில் அவர்கள் சந்தித்ததே கிடையாது. மேரியை மீட்கத் துடிக்கும் மார்ட்டிமரும் கற்பனைப் பாத்திரம்தான். 1587-இல் தலை வெட்டப்பட்டபோது மேரிக்கு வயது 44, எலிசபெத்துக்கு 53. மேடையிலோ மேரி இருபத்தைந்து போலவும் எலிசபெத் முப்பதைத் தாண்டாமலும் தெரிய வேண்டும் என்பது ஷில்லரின் விருப்பம்.

1800 ஜூன் 14 அன்று வைமரில் அரங்கேறிய நாடகம். செய்யுளில் சுமார் 4,000 வரி. வெட்டாமல் போடுவது கடினம். பிரெஞ்சுத் தூதரின் திருமணப் பேச்சைச் சுருக்கலாம். ரோமாபுரியில் கண்டதை மார்ட்டிமர் விவரிக்கும் முதல் அங்க நீள வசனமும் பாதியானால் மோசமில்லை. தொடவே கூடாதது நான்காம் அங்கத்தின் கடைசிக் காட்சிகள். எலிசபெத் மரண ஆணையில் கையெழுத்திடுகிறாள். அதைச் செயலாளர் டேவிசனிடம் கொடுக்கிறாள். ‘என்ன செய்யட்டும்?’ என்று அவன் கெஞ்சினாலும் தெளிவாக ஒரு வார்த்தை சொல்வதில்லை. அமைச்சர் பர்லி வந்து தாளைப் பிடுங்கிக்கொண்டு போகிறான். காரியம் முடிந்ததும் பழி டேவிசன் தலையில். நிஜ டேவிசனும் லண்டன் கோபுரச் சிறைக்குப் போனவர்தான்.

இந்த முடிச்சு இருந்தால்தான் ஐந்தாம் அங்கத்தின் கடைசிப் பகுதி நிற்கும். ஆலோசகர் ஷ்ரூஸ்பரி பதவியைத் துறக்கிறார், பர்லி விரட்டப்படுகிறான், எலிசபெத்தின் அன்புக்குரிய லெஸ்டர் பிரான்சுக்குக் கப்பலேறிவிட்டான். எலிசபெத் தனியாக நிற்கிறாள். மேரியின் மரணத்தோடு திரையை இறக்கிவிடும் தயாரிப்புகள் பாதி நாடகத்தைத்தான் காட்டுகின்றன. அந்த மரணத்தையும் ஷில்லர் கண்ணில் காட்டுவதில்லை. மேல் அறையில் அகப்பட்ட லெஸ்டர் கீழிருந்து வரும் ஓசைகளை மட்டும் கேட்டு மயங்கி விழுகிறான். கோடாரியையும் ரத்தத்தையும் மேடைக்குக் கொண்டுவரும் இயக்குநர்கள் இதை ஏன் விடுகிறார்கள் என்பது புரியவே இல்லை.

இத்தாலிய இசையமைப்பாளர் டோனிசெட்டி இதே நாடகத்திலிருந்து உருவாக்கிய ஓபரா ‘மரியா ஸ்டுவார்டா’ வெட்டியது வேறு விதம். பாடல்வரி எழுதிய ஜூசெப்பே பார்டாரி சட்டம் படித்துக்கொண்டிருந்த இளைஞர். மார்ட்டிமரையும் டேவிசனையும் தூக்கிவிட்டார். லெஸ்டர் முழுநேரக் காதலன் ஆனான். ஆணையை நீட்டுபவன் செசில் (நாடகத்தில் வரும் பர்லிதான்). எலிசபெத் லெஸ்டர் மீதுள்ள காதலால் வந்த பொறாமையில் கையெழுத்திடுகிறாள், அதோடு அவள் கதை சரி. ஆக, பொறுப்பைத் தட்டிக்கழிக்கும் அரசியல் போய், மிஞ்சியது முக்கோணக் காதல். இசை அபாரம், அது வேறு விஷயம்.

ஓபராவில் எலிசபெத்தைப் பார்த்து ‘இழிந்த முறைகேட்டுப் பிறப்பே’ என்று மேரி சீறும் வரியால் தொல்லையும் வந்தது. நேப்பிள்ஸில் 1834 ஒத்திகையிலேயே இரு பாடகிகளும் கைகலந்தார்கள். அரசர் தடை விதித்தார். இசை ‘புவோந்தெல்மோந்தே’ என்ற வேறு கதைக்கு மாற்றப்பட்டது. 1835 டிசம்பரில் மிலன் லா ஸ்காலா அரங்கில் பாடகி மரியா மாலிப்ரான் தணிக்கைத் திருத்தங்களைக் கண்டுகொள்ளாமல் பாட, அங்கும் தடை.

லண்டன் அல்மெய்டா அரங்கில் 2016-இல் இயக்குநர் ராபர்ட் ஐக் செய்ததுதான் ஷில்லருக்கு நெருக்கம். நடிகைகள் ஜூலியட் ஸ்டீவன்சன், லியா வில்லியம்ஸ் இருவரும் இரண்டு வேடங்களையும் பாடம் செய்திருந்தார்கள். ஒவ்வொரு ஆட்டத்திலும் மேடையிலேயே நாணயத்தைச் சுழற்றி, யார் ராணி, யார் கைதி என்று முடிவு செய்தார்கள்.