யார் எங்கே நிற்பது

மாஸ்ரரைப் பற்றி எழுதித் தரும்படி மலர்க் குழு கேட்டபோது, அவரிடம் தூய கணிதம் படித்து இன்று எந்திரிகளாகவும் கணக்காளர்களாகவும் இருக்கிறவர்களைக் கேளுங்கள் என்று தப்பப் பார்த்தேன். அவர்கள் ஏற்கெனவே எழுதிக் கொடுத்துவிட்டார்களாம். நாலு மணிக்குப் பிந்திய மாஸ்ரரைப் பற்றித்தான் ஒருவரும் எழுதவில்லையாம்.

மாஸ்ரர் என்றால் யாரென்று இந்த மலரை வாசிப்பவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. எத்தனையோ மாஸ்ரர்மார் இருந்தார்கள். பாடமோ பட்டமோ சேர்க்காமல் வெறும் மாஸ்ரர் என்றால் அது அவர்தான். காலையில் வெண்கட்டி, பின்னேரம் விசில். இரண்டுக்கும் இடையில் சைக்கிளில் வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுவிட்டு, நாங்கள் வேப்பமரத்தடிக்கு வருமுன் வந்து நிற்பார்.

அவர் போய்விட்ட செய்தி வந்த இரவே பழைய மாணவர் வட்ஸ்அப் குழுவில் சண்டை தொடங்கிவிட்டது. மைதானத்தின் மேற்குப் பக்கம் நாங்கள் கட்டிக்கொடுத்த பார்வையாளர் கலரிக்கு அவர் பெயரை வைப்பதில் எல்லோருக்கும் உடன்பாடு. பெயருக்குக் கீழே என்ன போடுவது? 'கணித ஆசிரியர்' என்கிறது ரொறன்ரோ. 'உதைபந்தாட்டப் பயிற்றுநர்' என்கிறது லண்டன். "மாஸ்ரரின்ரை உண்மையான இடம் எது?" என்று யாரோ எழுதியிருந்தார். அதே கேள்வியை வேறோர் ஆளைப் பற்றி வருடக்கணக்காகக் கேட்டுக் களைத்தவர்கள் நாங்கள்.

அந்த ஆள் ஸ்ரீவன் ஜெராட், லிவர்பூல் உதைபந்தாட்ட அணிக்குத் தலைவனாக இருந்தவன்.

லண்டன் ஒன்றுகூடலுக்கு வந்தவர்களுக்குத் தெரியும். கல்லூரிக் கீதம், மௌன அஞ்சலி, செயலாளர் அறிக்கை, முடிவில்லாத பொருளாளர் அறிக்கை, பிறகு சோறு. சோற்றுக்குப் பிறகு ஜெராட். பிள்ளைகள் லிவர்பூல் என்று பிடித்த பிடிவாதத்தில் தகப்பன்மாரும் லிவர்பூல் ஆன காலம் அது. எங்கள் மேசையில் மூன்று கட்சி இருந்தது.

முதற்கட்சிக்கு அவன் நடுவில் நிற்கப் பிறந்தவன். பந்தைப் பறிப்பான், 40 யார் தள்ளி ஒருவனின் காலில் போடுவான், பிறகு தானே ஓடிப்போய் அடிப்பான். அப்படிப்பட்டவனை வலப்பக்கக் கோட்டோரம் தள்ளிய பயிற்றுநர் பெனிற்றெஸ்மீது அவர்களுக்கு ஆறாத கோபம். இரண்டாம் கட்சி உடனே கணக்கைக் காட்டும். அந்த வலப்பக்கத்தில் நின்ற 2005-06 பருவத்தில்தானே 23 கோல் அடித்தான்? கூட ஆடுகிறவர்களே வாக்களித்து 2006இல் அவனைத்தானே சிறந்த வீரனாக்கினார்கள்? நடுவை அலொன்சோவும் சிசோக்கோவும் பார்த்துக்கொண்டதால் வந்த விளைச்சல் அல்லவா அது?

நான் மூன்றாம் கட்சி. முன்னுக்கு நிற்கும் ரொறஸுக்குப் பின்னால், கோலுக்கு எதிரே, அதுதான் அவன் இடம். 2008-09இல் அங்கே நின்று 24 கோல் அடித்தான், 2009இல் பத்திரிகையாளர் விருதும் வந்தது. என் நியாயம் கோல் கணக்கு மட்டுமல்ல. நடுவில் நிற்பவனுக்கு நிற்கத் தெரிய வேண்டும். ஆட்டம் தூங்கும்போது தானும் கொஞ்சம் தூங்க வேண்டும். இவனுக்கு அது வராது. பந்து போகிற இடமெல்லாம் போய், பின்னால் ஒரு வளவு அளவுக்கு இடத்தைத் திறந்துவிட்டு வருவான். பின்னால் அலொன்சோவும் மஷெரானோவும் வேலி கட்டி நின்றதால்தான் அந்த ஓட்டம் பலித்தது. இங்கிலாந்து இவனையும் லம்பார்ட்டையும் நடுவில் ஒன்றாக நிறுத்திப் பார்த்தது, பிறகு பயிற்றுநர் கப்பெல்லோ இடப்பக்கம் அனுப்பிப் பார்த்தார். 114 ஆட்டம் ஆடி முடித்தபோதும், நாட்டுக்காக அவன் நிற்க வேண்டிய இடம் இதுதான் என்று யாரும் தீர்ப்புச் சொல்லவில்லை.

இடத்தைப் பற்றிய சண்டை சிரிப்போடு முடியும். விசுவாசத்தைப் பற்றியது அப்படியல்ல. 2005 மே 25 இரவு இஸ்தான்புல்லில் மிலானை வென்று ஐரோப்பியக் கிண்ணத்தைத் தூக்கியவன், ஆறு கிழமை கழிய, ஜூலை 5ஆம் திகதி, புதிய ஒப்பந்தம் வேண்டாம் என்றான். லண்டன் அணியான செல்சி 32 மில்லியன் பவுண் தருவதாகச் சொல்லியிருந்தது. அவன் பெயர் எழுதிய சிவப்பு மேலாடையைச் சிலர் கொளுத்தினார்கள். மறுநாள் மனம் மாறி நின்றுவிட்டான். 2015 வரை நின்றான். 710 ஆட்டம், 186 கோல். லீக் பட்டம் மட்டும் கடைசிவரை இல்லை. அது கைக்கெட்டிய 2014 ஏப்ரலிலும் சறுக்கி விழுந்தது அதே செல்சிக்கு எதிரான ஆட்டத்தில். எழுதி வைத்ததுபோல.

"போயிருந்தால் பட்டம் எடுத்திருப்பான்" என்பார் ஒருவர். "போக நினைச்சதே துரோகம்" என்பார் மற்றவர். இப்படிச் சொன்னவர்கள் யார்? கட்டுநாயக்காவில் ஏறி, மொஸ்கோவிலோ கிழக்கு பெர்லினிலோ இறங்கி, அங்கிருந்து எப்படியெப்படியோ வந்து சேர்ந்தவர்கள். இரண்டு நாட்டுக் கடவுச்சீட்டை மாற்றியவர்களும் அந்த மேசையில் இருந்தார்கள். லிவர்பூலிலிருந்து லண்டனுக்கு, ஏறத்தாழ இருநூறு மைல் தூரம் இடம்பெயர நினைத்த ஒருவனைத்தான் நாங்கள் கோழிக்கறியோடு சேர்த்து விசாரித்துக்கொண்டிருந்தோம்.

இந்த விடயத்தில் எனக்கு ஒரு சொந்த வழக்கும் உண்டு. அது 1977. அரையிறுதி. எதிர்க்கல்லூரியின் பெயர் வேண்டாம், அவர்களும் இப்போது எங்கள் இராப்போசனத்துக்கு நுழைவுச்சீட்டு வாங்குகிறவர்கள். நான் சென்ரர் ஃபோவேட். முந்திய சுற்றில் மூன்று கோல் அடித்து, கன்ரீனில் கடன் சொல்லாமலே தேநீர் கிடைக்கும் அளவுக்கு உயர்ந்திருந்தேன். இடைவேளைவரை கோல் இல்லை. எங்கள் ரைற் பக்குக்குக் கணுக்கால் பிரண்டுவிட்டது. தோடம்பழம் உறிஞ்சிக்கொண்டிருந்த பதினொரு பேரையும் மாஸ்ரர் ஒருமுறை பார்த்தார்.

"நீ பக்குக்குப் போ."

"சேர், நான்..."

"போ எண்டனான்."

அவர்களுடைய லெஃப்ற் விங் ஆடியவரை அந்தத் தலைமுறைக்கு மறக்க முடியாது. முதல் பந்தில் என்னை வலப்பக்கம் சாய்த்துவிட்டு இடப்பக்கத்தால் போனார். இரண்டாவதில் நான் இருந்துவிட்டேன். நிற்கவேண்டிய இடத்தில் புழுதியில் இருந்தேன். மதிலில் ஏறியிருந்த ஏழாம் வகுப்புப் பொடியள் ஊளையிட்டார்கள். ஒன்றுக்கு சைபர், தோற்றோம். அப்பா அன்றைக்குத்தான் முதன்முதலாக ஆட்டம் பார்க்க வந்திருந்தார். எத்தனை கோல் அடிச்சவன் என்று அம்மா கேட்டதற்கு, "இவனை இப்ப காவலுக்கு விட்டிருக்கினம்" என்றார். திங்கட்கிழமை விளம்பரப் பலகையில் அடுத்த ஆட்டத்துக்கான பட்டியல், அதே சிவப்புப் பென்சில். என் பெயர் ரைற் பக்கில். அந்தப் பருவம் முழுக்க அங்கேயே கிடந்தது. காரணம் சொல்லும் பழக்கம் அவருக்கு இல்லை. கரும்பலகையில் ஒவ்வொரு வரிக்கும் நிறுவல் கேட்டவர், மைதானத்தில் ஒன்றுக்கும் நிறுவல் தந்ததில்லை. அது பிழையான முடிவென்று நான் இன்றைக்கும் சொல்வேன்.

சமாதான காலத்தில் தொலைபேசி ஒழுங்காக வேலை செய்தது. இஸ்தான்புல் ஆட்டத்துக்கு அடுத்த நாள் அவருக்கு எடுத்தேன். யாழ்ப்பாணத்தில் நள்ளிரவு தாண்டித் தொடங்கிய ஆட்டத்தை, கேபிள் இருந்த அயல்வீட்டில் போய் இருந்து விடியுமட்டும் பார்த்திருக்கிறார். சுகம் விசாரிப்பெல்லாம் இல்லை.

"பாத்தியோடா?"

"பாத்தன் சேர். மூண்டு கோல் வாங்கிப்போட்டு..."

"அதை விடு. எக்ஸ்ரா ரைமிலை அவன் எங்கை நிண்டவன்?"

எதற்குக் கேட்கிறார் என்று எனக்கு விளங்கிவிட்டது. "ரைற் பக்கிலை, சேர்."

"ஆரை மறிச்சவன்?"

"செர்ஜீனியோவை. மிலானின்ரை லெஃப்ற் விங்."

"ம்" என்றார். அது 1977இலிருந்து வந்த 'ம்'.

நானும் விடவில்லை. "சேர், அவன் முதல் ஒரு கோலைத் தலையாலை அடிச்சிட்டுத்தான் பின்னுக்குப் போனவன். எனக்கு நீங்கள் அந்த நேரம் தரேல்லை."

"தந்திருந்தால் நீ அடிச்சிருப்பியோ?"

"அடிச்சிருப்பன்."

"அடிச்சிருப்பாய். எங்களுக்கு ஒண்டு, அவங்களுக்கு நாலு."

ஜூலையில் மேலாடை எரித்த கதையைச் சொன்னபோது அவர் ஜோன் சார்ள்ஸை இழுத்தார். எந்தப் பேச்சிலும் சார்ள்ஸ் வருவார், அவரிடம் ஆடியவர்களுக்கு அது பழக்கம். நூலகத்துப் பழைய ஆங்கிலச் சஞ்சிகைகளில் பிடித்த பைத்தியம். வேல்ஸ்காரன், லீட்ஸ் அணி. பின்னுக்கு நின்றால் சென்ரர் ஹாவ், முன்னுக்கு விட்டால் 1953-54இல் லீக்கில் மட்டும் 42 கோல். எது அவனுடைய நல்ல இடமென்று அந்த நாட்டிலும் அடிபட்டுக்கொண்டுதான் இருந்தார்களாம். 1957இல் ஜுவென்ரஸ் 65,000 பவுண் கொடுத்து வாங்கியது. பிரித்தானிய ஆட்டக்காரன் ஒருவனுக்கு அதற்குமுன் அவ்வளவு கொடுத்தவர்கள் இல்லை. அங்கே மூன்று முறை லீக் பட்டம்.

"இத்தாலிக்காரர் அவனைக் கும்பிட்டவை. லீட்ஸ் சனமும் கடைசிவரைக்கும் கும்பிட்டது. போறது துரோகமெண்டு ஆர் உங்களுக்குச் சொன்னது?"

இதற்குப் பதில் சொல்ல எனக்கு வரவில்லை. திட்டியிருந்தால் வாதாடியிருக்கலாம். பேச்சை அவர் பக்கம் திருப்பினேன். எங்கள் காலத்தில் கணிதம், விஞ்ஞானம் படிப்பித்தவர்கள் ஒவ்வொருவராக நைஜீரியாவுக்கும் சாம்பியாவுக்கும் போனார்கள். இரண்டு வருடத்தில் வீடு கட்டினார்கள். மாஸ்ரருக்கும் கடிதம் வந்தது என்பது விடுதிவரை தெரிந்த கதை. அவர் போகவில்லை. அதை எத்தனை மேடையில் நாங்கள் கல்லூரிப் பற்று என்று புகழ்ந்திருக்கிறோம்!

"நீங்கள் ஏன் சேர் போகேல்லை?"

"அம்மா படுக்கையிலை. அவ போய்ச் சேரேக்கை அவங்கள் ஆள் எடுக்கிறதை நிப்பாட்டிப்போட்டாங்கள். உதுக்குப் போய் விசுவாசம் கிசுவாசம் எண்டு மேடையிலை கத்தாதை."

கத்தினோம். அடுத்த ஒன்றுகூடலிலும் அதே சொல்தான்.

கலரி திறந்த பிறகு ஒருநாள் பேசினேன். குரல் மெலிந்திருந்தது, குறும்பு மெலியவில்லை. கலரி எப்படி என்று கேட்டேன்.

"1956இலை லீட்ஸின்ரை மேற்குக் கலரி எரிஞ்சு போச்சு. கட்டக் காசில்லை. அடுத்த வருசம் சார்ள்ஸை வித்தாங்கள். விளங்குதோ?"

"விளங்குது, சேர்."

"எங்கடையும் மேற்குப் பக்கந்தான்."

சிரித்தார். நானும் சிரித்தேன். லண்டனில் போய் இதைச் சொன்னேன், மேசை முழுதும் சிரித்தது. பொருளாளர் தன் உரையில் சேர்த்துக்கொள்ளலாமா என்று கேட்டார். வாங்கியவர்கள் என்ன விலை கொடுத்தார்கள் என்று மட்டும் ஒருவரும் கேட்கவில்லை. நான் சிரித்து முடிய அவர் தொடர்ந்து சொன்னதை நான் அந்த மேசையில் சொல்லவில்லை. "நல்ல கலரி. பின்னேரம் முழுக்க நிழல். இருந்து பாக்கிறதுக்குத்தான் ஆட்டம் இல்லை."

அதன் பொருள் சென்ற செயற்குழுக் கூட்டத்தில் விளங்கியது. கல்லூரியிலிருந்து கடிதம் வந்திருந்தது. இம்முறை பணம் கேட்கவில்லை. பதினேழு வயதுக்குட்பட்ட அணியைப் பழக்க ஆள் இல்லை, வெளியில் ஓய்வுபெற்றிருக்கும் பழைய வீரர்கள் யாராவது ஒரு தவணைக்கு வந்து நின்று உதவ முடியுமா என்று கேட்டிருந்தார்கள். செயலாளர் வாசித்து முடித்தார். மேசையைச் சுற்றி இருந்தவர்களில் பாதிப்பேர் ஓய்வூதியக்காரர். நடு, வலப்பக்கம், கோலுக்கு முன்னால் என்று ஜெராட்டுக்கு இடம் பிரித்துக் கொடுத்தவர்கள் எல்லோரும் இருந்தார்கள். ஒருவர் தன் முழங்காலைச் சொன்னார். ஒருவர் பேரப்பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்தில் விடும் முறையைச் சொன்னார். அங்கே இப்போது வெயில் எப்படி என்று ஒருவர் கேட்டார். நான் மருத்துவமனையில் எடுத்த நாளைச் சொன்னேன், அது உண்மையும்கூட.

பிறகு, பயிற்றுநர் ஒருவரைச் சம்பளத்துக்கு வைத்துக்கொள்ள நிதி அனுப்புவதென்று பிரேரித்தார்கள். நான்தான் வழிமொழிந்தேன். ஏகமனதாக நிறைவேறியது.